சித்தி கேட்ட கேள்வி

பௌர்ணமியான போயாவுக்கு முதல் நாள் மலைநாட்டு பஸ்களில் பைகள் கனக்கும். மறுநாள் நாடெங்கும் சாராயக் கடைகளுக்குப் பூட்டு என்பதால், இரண்டு நாளைக்கானதை அன்றே வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். 2025 யூலையில் அப்படியொரு பின்னேரம், பேராதனை கலஹா சந்தியில் தெல்தோட்டை பஸ்ஸைப் பிடித்தேன். மழை குறுக்காக அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களை இழுத்து மூடியிருந்ததால் உள்ளே ஈரத்துணி வாடையும் டீசல் வாடையும் நிறைந்திருந்தன. பக்கத்தில் இருந்தவரின் மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் பத்திரிகைத்தாளில் சுற்றிய போத்தல்கள் இரண்டு. பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டும் மோதி 'ணங்' என்றன. ஒவ்வொரு தடவையும் அவர் பைக்குள் கையை விட்டு, ஈரம் படுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

கலஹாவுக்குச் சற்று முன்னால் ஒரு தோட்டத்து முடக்கில் அவர் எழுந்தார். கம்பியைப் பிடித்து நின்ற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனிடம் பையைக் கொடுத்து, "கவனமா புடி, கீழ போட்டுறாத" என்றார். பையன் புத்தகப் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, இதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினான். பஸ் திரும்பும் வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் போய்க்கொண்டிருந்தது சித்தி வீட்டுக்கு. தெல்தோட்டை டவுனைத் தாண்டி, ஹேவாஹெட்டப் பக்கமாக ஏறும் பாதையில் ஒரு தோட்டத்து லயம். சித்தியின் மகன் போன வருடம் இதே மாதம் இறந்தான். முப்பத்தெட்டு வயது. ஈரல் கெட்டு, வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து போனான். மறுநாள் காலை முதலாம் வருடத் திதி.

அவன் முதன்முதல் குடித்த இடத்தில் நானும் இருந்தேன். 1999. தோட்டத்து மாரியம்மன் திருவிழா. எனக்குப் பதினாறு, அவனுக்குப் பதின்மூன்று. காவடி கட்டுகிற இடத்துக்குப் பின்னால், மண்வெட்டி, கூடைகள் போட்டு வைக்கும் கொட்டிலில் பெரிய பையன்கள் ஒரு போத்தலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நீட்டினார்கள், மணமே குமட்டியது. அவன் வாங்கினான். மூடியில் ஊற்றிக் கொடுத்ததை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பயணத்தின் தொடக்கத்தில், கலஹா சந்தியில் திரும்பியதும், பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே போகும். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், பத்து வருடம் கழித்து ஹந்தானை மலையடிக்கு வந்தது. மகாவலியும் மரங்களும் அதன் அழகைப் பற்றி எத்தனையோ பேரை எழுத வைத்திருக்கின்றன. இதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது பூச்சிமருந்துதான்.

1990களின் நடுவில் தற்கொலை விகிதத்தில் உலகிலேயே முன்வரிசையில் இருந்த நாடுகளில் ஒன்று இலங்கை. சண்டை பிடித்துக்கொண்டு ஒரு நிமிட ஆத்திரத்தில் பூச்சிமருந்தை எடுத்துக் குடிப்பார்கள். கையில் கிடைத்தது எந்த மருந்து என்பதைப் பொறுத்து பிழைப்பதும் சாவதும் அமையும். மிகக் கொடிய வகைகளை 1995இலும், எண்டோசல்பனை 1998இலும் அரசு தடுத்தது. பிறகு பேராதனையை மையமாக வைத்து தெற்காசிய நச்சியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஒன்று உருவானது. பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் அவுஸ்திரேலிய தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் 2004 முதல் பணம் கொடுத்தன. அந்த ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை வெளியிலிருந்து பார்த்தால் மிகச் சாதாரணமானது. அனுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ஒவ்வொருவரும் எதைக் குடித்தார், பிழைத்தாரா, இறந்தாரா என்று வருடக்கணக்காகப் பொறுமையோடு எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள்தான் எந்த மருந்து ஆளைக் கொல்கிறது என்று காட்டின. பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் மூன்றும் 2008க்கும் 2011க்கும் இடையில் கட்டங்கட்டமாக நீக்கப்பட்டன. 1995 முதல் 2015 வரையான இருபது வருடத்தில் இந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று பின்னால் கணக்கிட்டார்கள். தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

ஒரு நாட்டின் சாவுக் கணக்கை மாற்றப் பணமும் பொறுமையும் எண்ணிக்கையும் சேர்ந்தால் போதும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு உதாரணம் கிடையாது. அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தப் பையன் மழையில் இறங்கியபோது ஒரு பழைய ஆசை மறுபடி வந்தது: அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதற்கும் இப்படி ஒரு ஏடு திறக்க மாட்டார்களா?

ஆனால் இந்த ஏட்டைத் திறப்பது கஷ்டம். பூச்சிமருந்து சில மணி நேரத்தில், சில நாளில் தன் வேலையைக் காட்டிவிடும். பதின்மூன்று வயதில் மூளைக்குள் போன சாராயம் என்ன செய்தது என்பது இருபத்தைந்தில், முப்பதில்தான் வெளியே வரும். அதற்குள் பணம் கொடுத்தவர் மாறியிருப்பார், அரசாங்கம் மாறியிருக்கும், ஆராய்ச்சி செய்தவரே ஓய்வு பெற்றிருப்பார்.

ஹிந்தகல தாண்டி வளைவுகள் தொடங்குகின்றன. மழை விட்டுவிட்டுப் பெய்தது. கலஹாவுக்கு அப்பால் தேயிலை பாதையின் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த மலைகளில் தேயிலைக்கு முன்னால் கோப்பி இருந்தது. கோப்பியோடு கூடவே சாராயக் குத்தகையும் ஏறி வந்தது. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை ஆங்கிலேய அரசு ஏலம் போடும். கூடுதலாகக் கேட்டவருக்குக் குத்தகை. குத்தகைக்காரர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் விற்பனை கூட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்து வந்த கூலிக்காரர்கள் வாழ்ந்த இடமெல்லாம் தவறணை முளைத்தது இப்படித்தான். போர்த்துக்கேயரின் 'தவேர்ணா' நம் வாயில் தவறணை ஆனது. குத்தகையில் சேர்ந்த காசு காரீயச் சுரங்கமாகவும் தோட்டமாகவும், பிள்ளைகளுக்கு இலண்டன் படிப்பாகவும் மாறி, இலங்கையின் பணக்காரக் குடும்பங்கள் சிலவற்றை உருவாக்கியதை வரலாற்றாய்வாளர் குமாரி ஜெயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். 1912இன் மதுவரிச் சட்டத்தோடு குத்தகை முறை போனது. தவறணை போகவில்லை.

அரசுக்கு இந்த வருமானம் அன்றும் முக்கியம், இன்றும் முக்கியம். 2024இல் மதுவரித் திணைக்களம் திரட்டியது இருபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இதே நாடு ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் மொத்தமாகச் செலவிடுவது தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. அந்த ஒன்றிலும் பத்தில் ஒரு பங்கு அளவுதான். விவசாயம், வைத்தியம், பொறியியல் எல்லாம் அதற்குள் அடக்கம். எனக்கு இது கோபத்தைத் தருகிறது. போத்தல் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் முத்திரைக்குள் அந்தப் பையனின் பங்கும் இருக்கிறது. அவனுடைய மூளைக்கு என்ன ஆகும் என்று பார்க்க அதிலிருந்து ஒரு துளியாவது திரும்பி வர வேண்டாமா?

தெல்தோட்டை டவுனில் இறங்கும்போது இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே தெருவில் பள்ளிவாசல், கோயில், விகாரை. மூன்று பாஷையும் ஒரே கடையில் கேட்கும் ஊர். பக்கத்துப் போப்பிட்டி, அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் பிறந்த மண். தமிழ்ப் புலமையில் இந்த மலைக்குப் பழைய உரிமை உண்டு என்பதை இங்கே வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கடையில் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுவிட்டு, சித்தி அனுப்பிய ஆட்டோவில் மேலே ஏறினேன்.

சித்தி அடுப்படியில் இருந்தார். "மழையில நனஞ்சிட்டியா ராசா" என்று துவாயை எடுத்துத் தந்தார். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்த கை. சாயம் விரல் வெடிப்புகளில் இன்னும் கறுப்பாக நிற்கிறது. சாப்பிட்டு முடித்து, மற்றவர்கள் படுத்த பிறகு, அடுப்புப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"நீ பேப்பர்ல இதெல்லாம் எழுதுறவன். எனக்கு ஒன்னு சொல்லு. அவன் பொறவியிலேயே அப்படியா? இல்ல, குடிதான் அவன அப்படி ஆக்குச்சா?"

'அப்படி' என்று சித்தி சொன்னது குடியை இல்லை. பயத்தை. இருபது வயதுக்குப் பிறகு அவனுக்கு எல்லாவற்றிலும் பயம். யாராவது கதவைத் தட்டினால் பின்பக்கமாகப் போய் நிற்பான். கொழும்பில் கடை வேலைக்குப் போய், ஆட்கள் கூடினால் நெஞ்சு படபடக்கிறது என்று மூன்று தடவை திரும்பி வந்தான். குடித்தால் பயம் அடங்கும். தெளிந்தால் முன்னைவிடக் கூடுதலாக வரும். லயத்தில் எல்லாரும் அவனைக் குடிகாரன் என்றார்கள். சித்தி மட்டும் அவன் பயந்தவன் என்றார்.

ஆராய்ச்சியாளர்கள் இருபது, முப்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியை சித்தி அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டார். சிறு வயதில் குடித்தவர்களின் மூளையைப் படம் எடுத்தால் வித்தியாசம் தெரிகிறது. 2000ஆம் ஆண்டிலேயே, அளவுக்கு மீறிக் குடித்த வளரிளம் பருவத்தினரிடம் நினைவைப் பதியும் பகுதியான ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் குடித்ததால் சிறுத்ததா, முன்பே அப்படி இருந்தவர்கள்தான் குடிக்கப் போனார்களா? குடித்த பிறகு எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. முதல் மடக்குக்கு முன்னாலேயே ஒரு படம் வேண்டும். பிறகு வருடா வருடம் அதே பிள்ளையைத் தேடிப் பிடித்து எடுக்க வேண்டும்.

அதற்குத்தான் பெரும் பணம். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய ஆய்வொன்றில் 12 வயது முதல் 21 வரையான 831 பேர். பெரும்பாலோர் அப்போது குடியைத் தொட்டிராதவர்கள் அல்லது மிகக் குறைவாகத் தொட்டவர்கள். 2015இல் அங்கே பணம் ஒதுக்கித் தொடங்கிய இன்னொரு ஆய்வில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 12,000 பேர். பத்து வருடம் தொடர்வது திட்டம். இந்தியாவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் விவேக் பெனகல் முதலானோர், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எம்.ஆர்.), பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இரண்டின் பணத்தோடு, 6 முதல் 23 வயது வரையான பத்தாயிரம் பேரைக் குறிவைத்து ஏழு இடங்களில் தொடங்கினார்கள். கோலார், ரிஷி பள்ளத்தாக்கு, இம்பால் என்று நகரமும் கிராமமும் மலையும் அதில் உண்டு. கோலார் என்ற பெயரைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது. அங்குள்ள தங்க வயலுக்குத் தமிழர்களைக் கூட்டிப் போனதும் எங்கள் மலைகளில் தேயிலை பரவிய காலத்தில்தான். அவர்களும் லயத்தில் வாழ்ந்தவர்கள்.

சித்தியின் லயத்துக்கு இப்படி ஒரு கணக்கெடுக்க யாரும் வந்ததில்லை. கருத்தரங்கு வைக்க வந்திருக்கிறார்கள், வேன் பிடித்து வந்து போஸ்டர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சித்திக்கு எலிகளைப் பற்றிச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் சுபாஷ் பாண்டே என்பவரின் ஆய்வுகூடம். வாலிபத்துக்கு வரும் வயதிலுள்ள எலிகளுக்கு இரண்டு நாள் சாராயம், இரண்டு நாள் ஓய்வு என்று இரண்டு வாரம் கொடுப்பார்கள். பிறகு நிறுத்திவிடுவார்கள். அவை வளர்ந்து பெரிதான பிறகு, கூட்டல் குறி போல உயரத்தில் அமைத்த ஒரு நடைபாதையில் விடுவார்கள். நான்கு கையில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்த வெளி. மற்ற எலிகள் திறந்த பக்கமும் போய் எட்டிப் பார்க்கும். சிறு வயதில் குடித்தவை சுவருக்குள்ளேயே ஒடுங்கி நிற்கும். பக்கத்தில் சாராயம் வைத்தால் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

சித்தி அடுப்பில் இருந்த கொள்ளியைத் தள்ளிவிட்டார். "சுவத்துப் பக்கமே நிக்குமா?"

"ஆமா சித்தி."

"அவனும் அப்படித்தான் நிப்பான்."

பயத்தை ஆளும் அமிக்டலா என்ற சிறு பகுதியில்தான் மாற்றம். நரம்புகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள உதவும் 'ஆர்க்' என்ற மரபணு அங்கே சரியாகத் திறக்காமல் போகிறது. மரபணுவில் எழுத்து மாறவில்லை. ஏட்டின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டது போல. எலியோடு அவர்கள் நிற்கவும் இல்லை. சிட்னியில் பாதுகாக்கப்படும், குடிக்கு அடிமையாகி இறந்தவர்களின் மூளைகளை வாங்கிப் பார்த்தார்கள். 21 வயதுக்கு முன்னால் தொடங்கியவர்களின் அமிக்டலாவில், நரம்பு வளர்ச்சிக்கு உதவும் புரதம் குறைந்திருந்தது. 21க்குப் பிறகு தொடங்கியவர்களிடம் அந்தக் குறை இல்லை. இது 2019இல் வெளியானது. அதை முதலில் படித்தபோது அந்த எண்ணிலேயே நின்றுவிட்டேன். நம் நாட்டில் 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசாரம் விற்பதற்கு வைத்திருக்கும் வயதெல்லையும் 21. சட்டம் போட்டவர்கள் மூளையைப் பார்த்துப் போடவில்லை. ஆனாலும் சரியான இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக் கடை வாசலில் காட்டலாம். கள்ளச் சாராயமான கசிப்புக்கு வாசல் எது? 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. முத்திரை ஒட்டிய சாராயத்தில் அந்தக் காசுக்கு ஒரு முழுப் போத்தல் வராது. ஓடைக்கரையில் சீனியும் ஈஸ்டும் போட்டு வடிக்கிறவன் வயது கேட்பதில்லை.

"அப்ப குடிதான் ஆக்குச்சா?" என்றார் சித்தி மறுபடி.

எலிக்கு ஆக்கியது என்பது தெரியும், அவனுக்கு முன்னால் எடுத்த படம் இல்லை சித்தி என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

காலையில் மழை இல்லை. பண்டாரம் வருவதற்குள் முன்வாசலில் படையல் தயாரானது. வாழை இலையில் சோறு, சாம்பார், வடை, பாயாசம். அவனுக்குப் பிடித்த நெத்தலிப் பொரியலும் இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் தம்பி ஒரு கால் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். போயா என்பதால் நேற்றே வாங்கி வைத்தது. செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது வழக்கம். அதில் தவறு காண யாரும் நினைக்கவில்லை. சித்தி உள்ளேயிருந்து வந்தார். போத்தலை எடுத்தார். ஒன்றும் சொல்லாமல் லயத்துக்குப் பின்னால் போய் கானில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வடைக்காகச் சுற்றி நின்றவர்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சித்தியின் பேரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு லூல்கந்துரவுக்குப் போனேன். இலங்கையில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிய தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் நட்டார். அவருடைய மரவீட்டின் புகைபோக்கி மட்டும் பாசி பிடித்து நிற்கிறது. அதற்கும் மேலே, அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் ஆசனம். 1852 தொடக்கத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து இறங்கியபோது டெய்லருக்குப் பதினேழு வயது நிரம்பவில்லை. 57ஆவது வயதில், 1892இல் இங்கேயே இறந்தார்; கண்டி மஹய்யாவையில் கல்லறை இருக்கிறது. அவர் கடிதங்களைப் படித்து, அவர் நடையை, உடலை, சுபாவத்தை வருணித்து நூல்கள் எழுதியிருக்கிறார்கள். அதே வருடங்களில் அதே மலையில் வேலை செய்த நம் பையன்கள் எத்தனை பேர், என்ன வயது, எதைக் குடித்தார்கள் என்று பார்க்கப் போனால் சம்பளப் புத்தகத்தில் ஒரு வரிதான்.

இறங்கும் பாதையில், வெட்டித் தட்டையாக்கிய ஒரு சிறு மைதானத்தில் பையன்கள் வொலிபோல் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து தேயிலைக்குள் விழுந்தால் அட்டைக்குப் பயப்படாமல் பாய்ந்து எடுத்து வந்தார்கள். இளைப்பாறும்போது அவர்களோடு பேச உட்கார்ந்தேன். யார் குடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களே ஒருவனைக் காட்டினார்கள். பதினாறு வயதிருக்கும். "இவன் ஸ்டெடி அண்ணே. அரைப் போத்தல் அடிச்சாலும் நேரா நடப்பான்." அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பெருமைதான்.

நேராக நடப்பதுதான் ஆபத்து என்பதை அவனுக்குச் சொன்னேன். அந்த வயதில் சாராயம் ஆளைத் தூங்க வைப்பதும் தள்ளாட வைப்பதும் பெரியவர்களைவிடக் குறைவு என்று எலி ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நினைவில் பதிவதைக் கெடுப்பதோ கூடுதல். பெரிய ஆள் விழுந்துவிடுகிறான், உடம்பே அவனை நிறுத்திவிடுகிறது. பையனை நிறுத்த உடம்புக்குத் தெரியாது. தள்ளாடாமல் நின்று இன்னும் குடிக்கிறான். யோசித்து 'போதும்' என்று சொல்ல வேண்டிய முன்மூளை முதிர்வதற்கு இருபதுகளின் நடுவயது ஆகும். "நீ ஸ்டெடியா இருக்கிறது மூளை பிழைச்சதால இல்ல தம்பி, மணி அடிக்காததால" என்றேன். சிரிப்பு நின்றது. ஒருவன் கேட்டான்: "ஏற்கெனவே குடிச்சிருந்தா என்ன அண்ணே செய்யிறது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பாண்டேயின் ஆட்கள் 2022இல் மரபணுத் திருத்தக் கருவி ஒன்றால் அந்த 'ஆர்க்' மரபணுவை மறுபடி திறந்தார்கள். எலியின் பயமும் குடியும் இறங்கின. அது ஆய்வுகூடத்துக்கானது. வட கரோலைனாவில் புல்ட்டன் குரூஸ் குழு கண்டது இந்த மைதானத்துக்கே உரியது. சிறு வயதுக் குடியால் மங்கிப்போன ஒருவகை நரம்பணுக்கள், எலியைச் சக்கரத்தில் ஓடவிட்டபோது மீண்டு வந்தன. ஓடினால் திரும்புகிறது. மனிதரிடமும் அப்படியே என்று இன்னும் சொல்ல முடியாது, ஆனால் விளையாட்டை விட்டுவிடாதே என்றேன். கேட்டவன் தலையை ஆட்டிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

இவ்வளவும் தெரிய வந்ததற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே பணப்பை. 1970இல் அமெரிக்க அரசு மதுவுக்கென்றே நிறுவிய தேசிய ஆராய்ச்சி நிறுவனம். அண்மை ஆண்டுகளில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 60 கோடி டொலர். வளரிளம் பருவக் குடி வயதுவந்த பின் மூளையில் என்ன விடுகிறது என்பதற்கென்றே 2010 முதல் பல பல்கலைக்கழகங்களை ஒன்றாகக் கட்டிப் பணம் கொடுத்தது அதுதான். அதே நிறுவனம் சறுக்கியும் இருக்கிறது. தினம் அளவாகக் குடிப்பது இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க பத்துக் கோடி டொலர் ஆய்வொன்றுக்கு, அதிகாரிகளே பெரும் மதுபானக் கம்பனிகளிடம் பணம் கேட்டிருந்தது வெளியாகி, 2018இல் அந்த ஆய்வு கைவிடப்பட்டது. 2025இல், இந்த நிறுவனத்தைத் தனியாக வைக்காமல் போதை, மனநல நிறுவனங்களோடு கலந்துவிடலாம் என்று வாஷிங்டனில் வரவுசெலவு முன்மொழிவு வந்தது. எங்கோ நடக்கிற அந்தக் கணக்கு, தெல்தோட்டை மைதானத்தில் ஒரு பையனுக்கு நான் பதில் சொல்ல முடிவதையும் முடியாததையும் தீர்மானிக்கிறது. ஒரு பணப்பையையே நம்பி இருக்கக் கூடாது. கம்பனிப் பணத்தையும் வாங்கக் கூடாது. நமக்கென்று ஒன்று வேண்டும். பேராதனையில் பூச்சிமருந்துக்கு இருந்ததுபோல, பத்து வருடம் காத்திருக்கத் தெரிந்த பணம்.

திரும்பி வந்தபோது சித்தி வாசலில் காத்திருந்தார். மடியில் பழைய பிஸ்கட் டின். மூடியைத் திறந்து காட்டினார்: கொப்பிகள். அவனுடையவை. ஏழாம் வகுப்புத் தமிழ்க் கொப்பி, 1998. எழுத்து முத்து முத்தாக, கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திகதிக்கு அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக் கொப்பியில் எழுத்து கோட்டை விட்டு இறங்குகிறது. பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. திகதி இல்லாத பக்கங்கள். கடைசிப் பத்துத் தாள் வெறுமை. சித்தி வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"இத வச்சி ஏதும் கண்டுபிடிக்க முடியுமா ராசா?"

எழுத்து மாற ஆயிரம் காரணம் இருக்கலாம். சித்தப்பா இறந்தது அவன் பத்தாம் வகுப்பில் இருந்த வருடம்தான். ஒரு பையனின் கொப்பியை வைத்து மருத்துவர் யாரும் முடிவு சொல்ல மாட்டார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். கீழே முடக்கில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

சித்தி கொப்பிகளைத் தட்டி ஒழுங்காக்கி, பழையது மேலே வரும்படி உள்ளே வைத்தார். "யாராச்சும் படிச்சவங்க இதப் பாக்க வந்தாங்கன்னா எங்கிட்ட இருக்குன்னு சொல்லு. ஏழாம் வகுப்பில இருந்தே இருக்கு" என்று சொல்லி மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடினார்.